உயில் பணக்காரனுக்கு மட்டும்தானா?

“உயிலா? நம்மிடம் என்ன மாடமாளிகையா இருக்கிறது, உயில் எழுதி வைக்க? இரண்டு சென்ட் மனை, ஓர் ஓட்டு வீடு, ஒரு சைக்கிள்! இதற்கு ஒரு சாசனமா?”

ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தப் பேச்சு சர்வ சாதாரணம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார்? சொன்னவர் அல்ல, அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். விலை கொடுப்பவள் அவருடைய மனைவி. விலை கொடுப்பவள் அவருடைய மகள். கூரையைப் பறிகொடுத்துவிட்டு, கோர்ட்டுப் படியில் கால் கடுக்க நிற்கிறவர்கள் அவர்கள்தான்!

ஆகவே நாம் கேட்கிறோம்: உயில் பணக்காரனுக்கு மட்டும்தானா?

பணக்காரன் எதையும் விதியின் கையில் விடுவதில்லை. வக்கீல் அவன் வீட்டு வாசலில் காத்திருக்கிறார். ஆடிட்டர் அவன் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். 1961-ல் தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. மிராசுதார்கள் மயங்கி விழுந்தார்களா? இல்லை! பத்திரங்கள் பறந்தன. டிரஸ்டுகள் முளைத்தன. பினாமிகள் பிறந்தார்கள். நிலம் எங்கும் போகவில்லை. பெயர் மட்டும் மாறியது. காகிதத்தின் பலம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பலம் நமக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் விருப்பம்.

இன்னொன்றையும் பாருங்கள். செத்தவனின் பெரும் சொத்துக்கு வரி போடும் எஸ்டேட் வரிச் சட்டம் இந்த நாட்டில் 1953-ல் வந்தது. மிகப் பெரிய சொத்துக்களுக்கு அந்த வரி 85 சதவீதம் வரை ஏறிய காலம் உண்டு. 1985-ல் ராஜீவ் காந்தி சர்க்கார் அதை அடியோடு எடுத்துவிட்டது. வசூல் குறைவு, நிர்வாகச் செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் ஏன் குறைந்தது? ஏய்த்தவனைப் பிடித்தார்களா? வலை கிழிந்திருக்கிறது என்று சொல்லி, குளத்தையே திமிங்கிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! இன்று கோடீசுவரனின் மகன் ஒரு காசு வாரிசு வரி கட்டாமல் கோடீசுவரன் ஆகிறான். அந்தக் கோடீசுவரனின் ஆலையில் ஓடி ஓடி உழைத்தவனின் விதவையோ, வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிறாள்.

*“வாரிசுரிமையை எதிர்ப்பவர்கள் ஆயிற்றே நீங்கள்?”*

சில நண்பர்கள் நம்மை மடக்குவதாக நினைத்துக் கேட்கிறார்கள்: “1848-ல் வந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில் வாரிசுரிமை ஒழிப்பு ஒரு கோரிக்கையாக இருக்கிறதே! நீங்களே உயில் எழுதச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?”

நல்ல கேள்வி. பதிலும் பழையதுதான். 1869-ல் பாசல் நகரில் கூடிய அகிலத்தின் மாநாட்டில் இதே விவாதம் நடந்தது. வாரிசுரிமையை ஒழித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கூனின் வாதாடினார். மார்க்சின் நிலை வேறு. வாரிசுரிமை நோயல்ல, நோயின் விளைவு. நிலமும் ஆலையும் சிலர் கையில் இருப்பதால்தான் பலரைச் சுரண்ட முடிகிறது. வாரிசுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவே. அடிப்படையை மாற்றாமல் வாரிசுச் சட்டத்தோடு மட்டும் மல்லுக்கு நிற்பது வேரை விட்டு நிழலை வெட்டுவதாகும். இதுவே மார்க்சின் வாதம்.

தொழிலாளியின் ஓட்டு வீடு யாரைச் சுரண்டுகிறது? விவசாயத் தொழிலாளியின் மனைக்கட்டு யாருடைய உழைப்பைத் திருடுகிறது? அது சுரண்டும் சொத்தல்ல. சுரண்டலுக்குத் தப்பி மிஞ்சிய சொத்து. நாற்பது வருஷ வியர்வையில் மிஞ்சிய கைப்பிடி மண்! அதையும் கந்துவட்டிக்காரன் வாயில் விழாமல் காப்பது வர்க்கத் துரோகமா? அல்ல, வர்க்கக் கடமை!

*எழுதாவிட்டால் என்ன நடக்கும்?*

ஒரு பஞ்சாலைத் தொழிலாளி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு அவர் சம்பாதித்தது. பத்திரம் அவர் பெயரில். தாயார் இருக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். உயில் இல்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன்கள், மகள் ஐவருக்கும் சம பங்கு. மனைவிக்குக் கிடைப்பது ஐந்தில் ஒன்று.

சம பங்கு நல்லதுதானே? நல்லதுதான், பங்கு போட நிலம் இருந்தால்! இரண்டு சென்டில் ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு? ஒரு கட்டில் போடலாம். மூத்த மகன் கடன்காரன் என்று வையுங்கள். அவன் தன் பங்கை வட்டிக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிறான். வட்டிக்காரன் பாகப் பிரிவினை வழக்குப் போடுகிறான். பிரிக்க முடியாத வீடு; ஆகவே விற்றுப் பணத்தைப் பிரி என்கிறது கோர்ட்டு. சுவர் எழுப்பச் செங்கல் சுமந்தவள் வாடகைக் குடிசை தேடிப் போகிறாள். இதில் சட்டம் எங்கே மீறப்பட்டது? எங்கும் இல்லை! எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. “வீடு முழுவதும் என் மனைவிக்கு” என்று ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் அந்த வட்டிக்காரன் வாசற்படி மிதித்திருக்க மாட்டான்.

கிறிஸ்தவக் குடும்பமானால் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. எடுத்து வளர்த்த பிள்ளை, சட்டப்படி தத்து எடுக்காவிட்டால், உயில் இல்லாமல் ஒரு செங்கல்லும் பெறாது. எவ்வளவு பாசமாக வளர்த்தோம் என்பதைக் கோர்ட்டு அளந்து பார்க்காது.

*உழைக்கும் தாய்மார்களே, கேளுங்கள்!*

உயில் ஆண்பிள்ளை சமாசாரம் என்று நீங்கள் ஒதுங்காதீர்கள். சட்டத்தின் மிகக் கொடிய முள் உங்களுக்காகத்தான் மறைந்திருக்கிறது.

கணவனும் பிள்ளைகளும் இல்லாமல் ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து யாருக்குப் போகும்? பெற்ற தாய்க்கா? இல்லை! கணவன் வீட்டு வாரிசுகளுக்கு! 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு இப்படித்தான் சொல்கிறது.

இது கதையல்ல. ஒரு பெண்ணுக்கு 1955-ல் கல்யாணம் நடந்தது. மூன்று மாதத்துக்குள் கணவன் இறந்தான். புகுந்த வீட்டார் அவளை விரட்டினார்கள். பிறந்த வீடு அடைக்கலம் கொடுத்தது; படிக்க வைத்தது. வேலைக்குப் போனாள், சம்பாதித்தாள். 1996-ல் இறந்தாள். பாங்கியில் பணம், பிராவிடண்ட் பண்டில் பணம். உயில் இல்லை. வாழ்நாள் முழுவதும் எட்டிப் பார்க்காத கணவன் வீட்டு வகையறா அப்போது வந்து நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் தீர்ப்பு: பணம் கணவன் வழி வாரிசுகளுக்கே! அனுதாபம் உண்டு, ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்று கைவிரித்தது கோர்ட்டு.

விரட்டியவனுக்கு வியர்வையின் பலன்! வளர்த்தவளுக்கு வெறுங்கை!

இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2008-லேயே தன் 207-வது அறிக்கையில் சொன்னது. திருத்தினார்களா? இல்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களைப் பார்த்து, தயவு செய்து உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டிக்கொள்ளும் நிலை! சட்டத்தைத் திருத்தப் போராடுவோம். ஆனால் திருத்தம் வரும்வரை மரணம் காத்திருக்குமா? ஸ்பின்னிங்கில் நிற்கும் சகோதரி, நாற்று நடும் தாய், ஒவ்வொருவரும் தனக்கென்று உள்ளதை யாருக்கு என்று எழுதி வைக்கவேண்டும்.

*தடுக்கிறது எது?*

முதல் தடை மூடநம்பிக்கை. “உயில் எழுதினால் ஆயுசு குறையும்” என்கிறார்கள். அப்படியானால் பரம்பரை பரம்பரையாக உயில் எழுதிய ஜமீன்தார் குடும்பங்கள் என்றோ பூண்டற்றுப் போயிருக்க வேண்டுமே! பணக்காரன் எழுதினால் ஆயுசு கெட்டி, ஏழை எழுதினால் மட்டும் எமன் வருவானா? மழைக்கு முன்னால் கூரை வேய்கிறோம். அதனாலா மழை வருகிறது?

இரண்டாவது தடை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “பெண்பிள்ளைக்குத்தான் சீர் செய்தாயிற்றே, அவளுக்கு எதற்குப் பங்கு?” செங்கொடி பிடித்த கையாலேயே சிலர் மகளின் பெயரை அடித்துவிடுகிறார்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, அன்று கல்யாணமாகாத பெண்களுக்கு. நாடு முழுவதும் 2005-ல் வந்தது. 9-9-2005 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, அது பிறப்புரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு விடுதலைப் பத்திரத்தை நீட்டி, “கையெழுத்துப் போடம்மா, அண்ணன் தம்பி உறவு வேண்டாமா?” என்று மிரட்டுவது என்ன நியாயம்? சமவேலைக்குச் சமகூலி என்று ஆலை வாசலில் கோஷம் போட்டுவிட்டு, வீட்டு வாசலில் மகளுக்குப் பூஜ்யமா?

உயில் ஓர் அரிவாள். கதிரும் அறுக்கும், கழுத்தும் அறுக்கும். மகளை வெட்டிவிட உயில் எழுதுகிறவனுக்காக நாம் இதை எழுதவில்லை.

மூன்றாவது தடை மோசடி. பெரியவர்களிடம் “உயில்தான் தாத்தா” என்று சொல்லி, செட்டில்மெண்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறார்கள். வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உயில் நீங்கள் இறந்த பிறகுதான் உயிர் பெறும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்துச் செய்யலாம். செட்டில்மெண்டு அப்படியல்ல, சொத்து அன்றே கை மாறிவிடும். பராமரிப்போம் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவுப்படி ரத்துக் கோரலாம். ஆனால் வெள்ளம் வந்த பிறகு அணை போடும் வேலை அது. எந்தப் பத்திரமானாலும் உங்கள் ஆள் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் பெருவிரலை நீட்டாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்!

*எழுதுவது எப்படி?*

இதில் பெரிய வித்தை எதுவுமில்லை.

1. வெள்ளைத்தாள் போதும். ஸ்டாம்புப் பத்திரம் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். பதினெட்டு வயது நிரம்பி, சுயபுத்தியோடு இருக்கிற எவரும் எழுதலாம்.

2. பெயர், தகப்பன் பெயர், விலாசம், தேதி. “இதற்கு முன் எழுதிய உயில் ஏதேனும் இருந்தால் ரத்து” என்று ஒரு வரி. பிறகு சொத்து விவரம்: சர்வே நம்பர், நான்கு எல்லை, பத்திர நம்பர். எது யாருக்கு என்று பெயர் சொல்லித் தெளிவாக.

3. மனைவிக்கு முழு உரிமை கொடுக்க நினைத்தால் “சர்வ சுதந்திரமாக, விற்கவும் உரிமையோடு” என்று எழுதுங்கள். “ஆயுள்வரை அனுபவித்து வர” என்று பத்திர எழுத்தர் பழக்க தோஷத்தில் எழுதிவிடுவார். அப்படி எழுதினால் அவளுக்குக் கிடைப்பது குடியிருக்கும் பாத்தியதைதான், சொத்தல்ல.

4. நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இதுதான் உயிர்நாடி. சொத்துப் பெறுகிறவரையும் அவர் துணையையும் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களை வையுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் சொல்ல அவர்களில் ஒருவராவது வேண்டும். கைநாட்டானால் “படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்” என்று எழுதிக்கொள்ளுங்கள்.

5. ரிஜிஸ்தர் செய்யவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் செய்வது நல்லது. தாள் தொலையலாம், கரையான் அரிக்கலாம், பொல்லாதவன் கிழிக்கலாம்; சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் புத்தகத்தில் ஏறியதை யாரும் கிழிக்க முடியாது.

6. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கைத்தான் எழுதலாம். அடுத்தவர் பங்கை அல்ல. முஸ்லிம் தோழர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினாலோ, வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் எழுதினாலோ, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

வக்கீல் பீஸ் கொடுக்க முடியவில்லையா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உரிமை. பிச்சையல்ல, உரிமை! தாலுகா கோர்ட்டு வளாகத்தில் போய்க் கேளுங்கள்.

*உயிலோடு முடியவில்லை*

பிராவிடண்ட் பண்டு நாமினேஷனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகக் கொடுக்கவேண்டும் என்பது திட்டத்தின் விதி. எத்தனை பேர் கொடுத்திருக்கிறோம்? பணிக்கொடை, இன்ஷூரன்ஸ், பாங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் சரியாக இருக்கிறதா? பாங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. ஆகவே நாமினேஷனும் வேண்டும், உயிலும் வேண்டும்.

இந்த அசட்டையின் மொத்தக் கணக்கு தெரியுமா? பத்து வருஷமாக யாரும் கேட்டு வராமல் பாங்கிகளிலிருந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்த பணம், 2024 மார்ச் இறுதியில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல்! இதில் எத்தனை விதவைகளின் கஞ்சி இருக்கிறது? எத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது?

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்களுக்கு இன்னொரு வேலை முன்னால் நிற்கிறது. பட்டா இல்லாத மனைக்கு உயில் எழுதி என்ன பயன்? குடியிருந்த மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. குத்தகைதாரன் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் 1969-ல் வந்தது. சும்மா வரவில்லை, போராடி வந்தவை. இறந்துபோன தகப்பன் பெயரிலேயே இன்னும் பதிவு கிடந்தால், உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 1892-ம் வருஷத்து உத்தரவின்கீழ் கொடுத்த பஞ்சமி நிலம் தாழ்த்தப்பட்ட மக்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தை “உயில் எழுதிக் கொடு, கடனைத் தள்ளுகிறேன்” என்று எவனாவது வந்தால், சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள்!

ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு கிராமக் கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். பி.எப். நாமினேஷன் பட்டியல் எடுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும், படித்துக் காட்டட்டும். கூடவே குரலும் எழுப்புவோம்:

பெண்ணின் உழைப்பைப் புகுந்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கும் 15-வது பிரிவைத் திருத்து!

கோடீசுவரர்களின் வாரிசுச் சொத்துக்கு மீண்டும் வரி போடு!

குடியிருக்கும் மனைக்கெல்லாம் பட்டா கொடு!

உயிரோடு இருக்கும்போது முதலாளி நம் உழைப்பைப் பறித்தான். செத்த பிறகும் நம் குடும்பத்தைப் பறிக்க ஒருவனுக்கு வழி விட்டுப் போவதா? ஒரு வெள்ளைத்தாள், இரண்டு சாட்சிகள், ஒரு பெருவிரல். இந்த வாரமே எழுதுங்கள், தோழர்களே!